கோயிலுக்கும் ரயிலடிக்கும் நடுவே

மதுரையின் பழைய ஊர் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தது. நடுவில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் அப்பால் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. எந்த மாதத் திருவிழாவில் சுவாமி எந்த வீதியைச் சுற்றி வந்தாரோ அந்த மாதத்தின் பெயரே வீதிக்கும் ஆனது. இன்று அந்தக் கணக்கு ஒத்துவராது. சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில்தான். மாசியில் நடந்துவந்த திருக்கல்யாணத்தையும் தேரையும் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு சேர்த்தார் என்பது மரபு. விழா மாதம் மாறியது. வீதி பழைய பெயரோடு நின்றுவிட்டது.

மேலக் கோபுரத்திலிருந்து ரயில் நிலையம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். இந்தச் சின்ன நிலத்துக்குள்தான் தென் தமிழ்நாட்டின் ஆடலும் பாடலும் நாடகமும் சினிமாவும் நெடுங்காலம் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. பார்க்க வந்தவர் நடந்தே வந்தார். ஆடியவரும் பாடியவரும் அந்தச் சந்துகளிலேயே குடியிருந்தார்கள். சீன் எழுதியவர், நோட்டீஸ் அடித்தவர், உடை தைத்தவர், பாட்டுப் புத்தகம் விற்றவர் எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள்.

மதுரையை நடந்து பார்க்கும் வழக்கம் இலக்கியத்திலேயே தொடங்கிவிடுகிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் தனித்தனியே விவரிக்கிறது. இரவின் ஒவ்வொரு யாமத்திலும் வீதியில் யார் விழித்திருக்கிறார்கள் என்றுகூட அது கணக்குச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் தெருத் தெருவாக நடக்கிறான். பொற்கடையும் துணிக்கடையும் கூலக்கடையும் வருவதுபோலவே ஆடல் மகளிர் வாழும் வீதியும் அவன் வழியில் வருகிறது. அந்த மதுரை இன்றைய கோயிலைச் சுற்றித்தான் இருந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கலையும் கடையும் ஒரே தெருவில் இருந்தன என்பதில் இரு நூல்களும் ஒத்துப்போகின்றன.

நாயக்கர் காலத்தில் இந்த வீதிகள் ஆண்டு முழுவதும் உற்சவ மேடைகளாக இருந்தன. சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் ராகத்தை விரிக்க வேண்டியது வீதியில். நாற்சந்தியில் சுவாமி நிற்கும்போது கூட்டமும் நிற்கும். மல்லாரி முடிந்து ராக ஆலாபனை தொடங்குவது அந்த நேரத்தில்தான். மண்டபம் கட்டிக் கச்சேரி வைக்கும் காலத்துக்கு முன்னால், பணம் கொடுக்காத பொதுமக்களுக்கு உயர்ந்த இசை கிடைத்த இடம் வீதிதான். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் வசந்த உற்சவத்துக்கானது. அதன் பிற்கால வாழ்க்கை வேறு மாதிரிப் போயிற்று.

சித்திரையில் இந்த ஊர் ஒரு வாரத்துக்கு மேல் தூங்காது. அழகர் வைகையில் இறங்குமுன் தல்லாகுளத்தில் அணிந்துகொள்வது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலை. எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரிலிருந்து அந்த மாலை ஆண்டுதோறும் வருகிறது. அதோடு அந்தப் பக்கத்துச் சனமும் வரும். சல்லடம் கட்டித் திரி ஏந்துகிறவர்கள், தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், இராமராயர் மண்டபத்தில் விடிய விடிய நடக்கும் தசாவதாரத்துக்காகக் காத்திருப்பவர்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் உண்டு. சுந்தரபாண்டியம் போன்ற தறி ஊர்களிலிருந்து மதுரைக்கு வருவதென்றால், சந்தைக்கு அடுத்தபடியாகத் திருவிழாவே பெரிய காரணமாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு காரியங்கள் ஊரின் உருவத்தை மாற்றின. முதலாவது கோட்டை இடிப்பு. கலெக்டர் பிளாக்பர்ன் 1840களை ஒட்டி மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். நிலம் வீட்டு மனையானது. அதன்மேல் எழுந்த வளையம் வெளி வீதிகள். பணியில் பங்குகொண்ட பெருமாள் மேஸ்திரியும் மாரட்டும் அந்த வளையத்துக்கு உட்புறத் தெருக்களின் பெயராக இன்றும் இருக்கிறார்கள். பிளாக்பர்னின் நினைவாக நட்ட விளக்குத்தூண் கீழமாசி வீதியின் தெற்குப் பக்கம் நிற்கிறது. கலெக்டரின் பெயர் மறந்துபோய், தூணே இடத்தின் பெயராகிவிட்டது. கோயில் சதுரங்களுக்குள் புதிதாகக் கட்ட இடமில்லை. பின்னாளில் நாடகக் கொட்டகைகளும் சினிமாக் கொட்டகைகளும் எழுந்தது பெரும்பாலும் இந்தப் புது வளையத்திலும் அதன் ஓரங்களிலும்தான்.

இரண்டாவது ரயில். 1875-இல் தென்னிந்திய ரயில்வேயின் பாதை மதுரையை எட்டியது. சிறிது காலத்தில் தூத்துக்குடி வரை நீண்டது. நிலையம் ஊரின் மேற்கு ஓரத்தில் அமைந்ததால் மேற்கு வாசல் முன்வாசல் ஆயிற்று. டவுன் ஹால் ரோடு வழியே நேராக நடந்தால் கோயில். அந்த நடையின் இரு பக்கமும் சத்திரமும் காப்பிக் கடையும் தங்கும் விடுதியும் முளைத்தன. 1892-இல் ஹார்வி சகோதரர்கள் நிறுவிய பஞ்சாலை ரயில் பாதைக்கு மேற்கே எழுந்தது. ஷிப்டு முடிந்து கையில் கூலியோடு வெளியே வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களே கொட்டகைகளின் தரை டிக்கெட்டை நிரப்பினார்கள். 1927-இல் விருதுநகர்–தென்காசிப் பாதை திறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆட்களுக்கும் மதுரை எட்டும் தூரத்துக்கு வந்தது.

ரயில் நாடகத்தையும் கொண்டுவந்தது. பார்சி நாடகக் கம்பெனிகளின் பாணி, அதாவது படுதா, எழுதிய சீன், மேடைக்கு முன்வளைவு, டிக்கெட், தென்னாட்டுக் குழுக்களிடம் பரவிக்கொண்டிருந்த காலம் அது. தெருக்கூத்துக்கு வீதியே போதும். இந்தப் புது நாடகத்துக்குக் கொட்டகை வேண்டும். தகரக் கூரை, மூங்கில் தட்டி, மணல் பரப்பிய தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. ஒலிபெருக்கி வராத காலத்தில் இத்தனை பேருக்கும் கேட்கும்படி பாட வேண்டும் என்பதால் நடிகனின் தொண்டைதான் கம்பெனியின் மூலதனம். நடிப்பைவிடப் பாட்டுக்கு அந்த மேடை முதலிடம் கொடுத்ததற்கு ரசனை மட்டும் காரணமில்லை. வசனம் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. மேல் ஸ்தாயியில் பிடித்த பாட்டு சேரும்.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் இந்த மேடைக்கு நூல் கொடுத்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று அவர் எழுதியும் திருத்தியும் தந்த நாடகங்களே இன்றுவரை கிராம மேடைகளின் பாடத்திட்டம். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் குழுவை அவர் அமைத்தார். பெரிய நடிகர்கள் மேடையில் பாடத்தை மீறிப் போட்டி போட்டுச் சண்டையிட்டதில் சலித்துப்போய்ச் சிறுவர்களிடம் திரும்பினார் என்று சொல்வதுண்டு. அந்தச் சபையில் சேர்ந்த சிறுவர்களில் டி.கே.எஸ். சகோதரர்கள் முக்கியமானவர்கள். அபிமன்யு சுந்தரியை அவர் ஒரே இரவில் எழுதி முடித்ததை டி.கே. சண்முகம் தம் நாடக வாழ்க்கை நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். நான்கு மணி நேர நாடகம், நூற்றுக்கு மேற்பட்ட பாட்டு. 1922-இல் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார்.

மதுரை பிறகு பாய்ஸ் கம்பெனிகளின் ஊரானது. ஜெகந்நாதய்யரின் மதுரை பால மீன ரஞ்சனி சங்கீத சபையில் நவாப் ராஜமாணிக்கமும் எம்.ஆர். ராதாவும் தேர்ந்தார்கள். சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பி.யு. சின்னப்பா இருந்தார், எம்.ஜி. சக்ரபாணியும் அவர் தம்பி எம்.ஜி.ஆரும் சிறுவயதிலேயே சேர்ந்தார்கள். பையன்களுக்குக் கம்பெனி வீட்டிலேயே சாப்பாடும் படுக்கையும். விடியலில் குரல் சாதகம், பகலில் பாடம், இரவில் மேடை. பிழை செய்தால் அடி. பாடம் சொல்லிக்கொடுப்பவரை ‘வாத்தியார்’ என்றார்கள், பின்னாளில் எம்.ஜி.ஆரை ரசிகர்கள் அழைத்த பெயரும் அதுவே. அந்தச் சிறுவர்களின் உழைப்பைச் சுரண்டித்தான் பல கம்பெனிகள் ஓடின. அதே கண்டிப்பே தமிழ் சினிமாவின் முதல் முப்பதாண்டு நடிகர்களைத் தயாரித்தது என்பதையும் மறுக்க முடியாது.

கம்பெனிக்கு நேர் எதிரான ஏற்பாடு ஸ்பெஷல் நாடகம். இதில் குழு கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அழைப்பார்கள். பெரும்பாலும் மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் இது நடக்கிறது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை போகும். முன்னிரவில் பபூனின் வேடிக்கையும் டான்சும். நடுநிசிக்குப் பிறகு கதை. வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம், பிறகு வேலனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் இரண்டுக்காகவும்தான் கூட்டம் கண் விழித்திருக்கும். யார் யாரை மடக்குவார் என்பது எழுதி வைக்காத பகுதி. ஆர்மோனியக்காரர் பாட்டுக்குக் கட்டை எடுத்துக் கொடுப்பதோடு, தளர்ந்துபோகும் நடிகரை நிமிர்த்திவிடும் பொறுப்பும் அவருக்கு உண்டு. சிறுவர் கம்பெனிகளில் பெண் வேடத்தைப் பையன்கள் கட்டினார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் பெண்கள் நடித்தார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்துப் புகழ்பெற்றது இந்த மேடைகளில்.

இதே மேடையில் அரசியல் ஏறியதற்குச் சாட்சி எஸ்.எஸ். விசுவநாத தாஸ். 1886-இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். நாவிதர் குலத்தவர் என்பதற்காகத் தொழிலுக்குள்ளேயே அவமதிப்பைச் சந்தித்தவர். முருகன் வேடத்தில் தினைப்புனக் காட்சியில் நின்றுகொண்டே வெள்ளைக்காரனைக் குத்தும் பாட்டைப் பாடுவார். நாடகங்களைக் கட்டுப்படுத்தும் 1876-ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் கையில் இருந்தது. அவர் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேடத்தோடு மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது.

இத்தனைக்கும் பின்னால் ஒரு சந்தைத் தொழில் இயங்கியது. புதுமண்டபத்தில் தையல்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் தூண்களுக்கிடையே கடை விரித்தார்கள். இ.ராம. குருசாமிக் கோனாரின் ஸ்ரீராமச்சந்திர விலாசம் போன்ற அச்சகங்கள் பெரிய எழுத்துக் கதைகளையும் அம்மானைகளையும் நாடகப் பாட்டுப் புத்தகங்களையும் அச்சிட்டுத் தள்ளின. இரவில் கேட்ட பாட்டைக் காலையில் ஊருக்குத் திரும்புமுன் சில காசுக்கு வாங்கிக்கொண்டு போகலாம். தமிழ் படித்தவர்கள் இந்த நூல்களைக் குப்பை என்று ஒதுக்கினார்கள். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் தொடங்கிய நான்காம் தமிழ்ச் சங்கம் சங்க நூல்களைப் பதிப்பித்தது இதே ஊரில், வடக்கு வெளி வீதியை ஒட்டிய பகுதியில்தான். இரண்டு தமிழும் கொஞ்ச தூரத்தில் அடுத்தடுத்து அச்சாகிக்கொண்டிருந்தன. ஒன்று மற்றொன்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கோயிலுக்கு மேற்கே அனுமந்தராயன் கோயில் தெருவின் சிறிய வீடு ஒன்றில் வீணைக் கலைஞர் சண்முகவடிவு வாழ்ந்தார். அவர் மகள் எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-இல் பிறந்தாள். வீட்டுக்குள் வீணையும், தெருவில் சுவாமி புறப்பாட்டு நாதஸ்வரமும், பக்கத்து வீடுகளில் கிராமபோனும் கேட்கக் கிடைத்த குழந்தைக்குப் பத்து வயதில் இசைத்தட்டு வெளிவந்தது. கோயிலைச் சார்ந்த இசை வேளாளக் குடும்பங்கள் இந்தச் சந்துகளில் நிறைய இருந்தன. தேவதாசி முறைக்கு எதிரான இயக்கமும் 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தபின் அந்தக் குடும்பங்கள் கலைந்தன. சிலர் மேடைக்குப் போனார்கள், சிலர் சினிமாவுக்கு, பலர் தங்கள் கலையை வாய்விட்டுச் சொல்லாத வாழ்க்கைக்கு. பாடகர் டி.எம். சௌந்தரராஜன் 1922-இல் பிறந்ததும் இதே மதுரையில், சௌராஷ்டிரக் குடும்பத்தில்.

1931-இல் தமிழ்ப் பேசும் படம் வந்ததும் கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரை கட்டின. மதுரையைச் சேர்ந்த ராயல் டாக்கி டிஸ்டிரிபியூட்டர்ஸ் தயாரித்து 1937-இல் வெளிவந்த ‘சிந்தாமணி’ ஓர் ஆண்டுக்கு மேல் ஓடியது. கதாநாயகன் தியாகராஜ பாகவதர். கிடைத்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி அதற்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் உள்ள விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் இருந்தது ரீகல். பகலில் நூலகத்தில் வாசிப்பு, மாலையில் அதே கட்டடத்தில் ஆங்கிலப் படம். இப்படி இரட்டை வாழ்க்கை வாழ்ந்த அரங்கம் வேறெங்கும் எளிதில் அகப்படாது. நகருக்குள் சென்ட்ரல், இம்பீரியல், நியூ சினிமா என்று வரிசை நீண்டது. 1952 தீபாவளியன்று மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் தங்கம் தியேட்டர், கட்டட வேலை முழுதும் முடியுமுன்பே ‘பராசக்தி’யோடு திறந்தது. 2,563 இருக்கை, ஆசியாவிலேயே பெரியது என்று ஊர் பெருமை பேசியது.

இரண்டாம் ஆட்டம் முடிந்து இத்தனை தியேட்டர்களிலிருந்தும் கூட்டம் வெளியே வரும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். ஊருக்குப் போக முதல் பேருந்து விடியலில். இடைப்பட்ட நேரத்தை நிரப்பியவை பரோட்டாக் கடைகள், இட்லிக் கடைகள், பூ மார்க்கெட், விளக்குத்தூண் பக்கத்து ஜிகர்தண்டா. ‘தூங்கா நகரம்’ என்ற பட்டத்தில் பழம்பெருமை பாதி. சினிமாவும் பேருந்து நேரமும் மீதிப் பாதி. 1980களின் நடுவில் இங்கே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலர் சாரா டிக்கி, ஏழை எளிய மக்களின் அன்றாடத்தில் சினிமா எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதை 1993-இல் வெளியான தம் நூலில் விவரித்தார். சுவரொட்டியும் தட்டியும் ரசிகர் மன்றமும் மதுரை அளவுக்கு வேறு எந்த ஊரின் தெருக்களையும் ஆக்கிரமித்ததில்லை என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்த நெருக்கம் கலைந்ததற்குத் தொலைக்காட்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1999-இல் மாட்டுத்தாவணியில் புதுப் பேருந்து நிலையம் வந்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமிருந்து வருகிறவர் இப்போது ஊரின் வடகிழக்கு ஓரத்தில் இறங்குகிறார். அங்கிருந்து கோயில் நடக்கும் தூரமில்லை. பல்திரை அரங்குகள் கார் நிறுத்த இடமுள்ள புறநகர்ப் பகுதிகளில் எழுந்தன. பழைய தியேட்டர்களின் மனை, டிக்கெட் விற்றுச் சம்பாதிப்பதைவிடப் பலமடங்கு விலை பெற்றது. சிந்தாமணி போயிற்று. தங்கம் நெடுநாள் பூட்டிக் கிடந்து இடிக்கப்பட்டு ஜவுளிக் கடையானது. புதுமண்டபத்துக் கடைகள் 2020களில் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறின. வேடிக்கை என்னவென்றால், நடந்து பார்க்க வேண்டியவை ஒவ்வொன்றாகப் போன பிறகுதான் சித்திரை வீதிகளில் வாகனங்களைத் தடுத்து, கல் பாவி, அவற்றை நடப்பவர்களுக்கு விட்டார்கள். இன்று அங்கே வசதியாக நடக்கலாம்.

சிறு ஊர்கள் வேறு வழி தேடின. சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா ராஜபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். ஒருவரின் கொடையால் ஒரு கட்டடத்தில் அமைவது மன்றம். அதற்கு அவரைப் போன்ற ஒருவர் வேண்டும். மதுரை வீதிகளை யாரும் கொடுக்கவில்லை. பிழைப்புக்கு வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கியவை அவை.

அந்தப் பிழைப்பில் ஓர் இழை இன்னும் அறவில்லை. சுண்ணாம்புக்காரத் தெருவில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. 1990களில் ஸ்பெஷல் நாடக நடிகைகளோடு பழகி ஆராய்ந்த மற்றோர் அமெரிக்கர் சூசன் சைஸர், 2005-இல் வெளியிட்ட நூலில், சமூகம் அவர்கள்மேல் சுமத்தும் இழிவையும் அதை அவர்கள் சமாளிக்கும் விதத்தையும் எழுதினார். மைக் வந்துவிட்டது, குழல் விளக்கு வந்துவிட்டது, நடிகர்கள் வேனில் போகிறார்கள், நாடகம் அதேதான். பங்குனிப் பொங்கலுக்கு வள்ளி திருமணம் வைக்க வரி பிரித்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அந்த வட்டாரத்துக்கே வந்து ஏஜென்டைப் பார்க்கிறார்கள். ராஜபார்ட்டின் தேதி காலியாக இருக்கிறதா என்று நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்து, முன்பணம் கொடுத்து, நடிகர்களின் படம் போட்ட நோட்டீசுக்குச் சொல்லிவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.